திண்டிவனம் வரைக்கும்

“நாலாயிரத்துக்கா? எஞ்சின் உள்ள இருக்குதாண்ணே, இல்ல அதைத் தனியா வித்துட்டீங்களா?”

“பானட்டத் தெறந்து பாத்துக்க தம்பி. கொற இருந்தா சொல்லு.”

சீனுவாசன் திறந்து பார்த்தான். விலையை இன்னும் குறைக்க ஒரு குறையாவது வேண்டும், கிடைக்கவில்லை. பழைய ஹெரால்டு கார்தான். மேலே சாம்பல் நிறம் வெயிலில் வெளுத்திருந்ததே தவிர, உள்ளே பூசைப் பாத்திரம் மாதிரி துடைத்து வைத்திருந்தார் சவுரிராயன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசல் டாக்சி ஸ்டாண்டில் நிற்கும் இந்த வண்டி மேல் அவனுக்கு இரண்டு வருஷத்துக் கண். ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டைக்கு நம்பர் எழுதுகிறவன் அவன். கனவில் மட்டும் மணிக்கு நூறு மைல். போன பொங்கலுக்குக் கேட்டபோது, “வண்டிய விக்கறதுக்குப் பதிலா என்னையே வித்துக்குவேன், போடா” என்று சிரித்தவர், இன்று ஆள் விட்டு அழைத்து அடிமாட்டு விலை சொல்கிறார். இதை விட்டால் சோழவரம் கார் ரேஸை இந்த ஜென்மத்தில் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

“ஒரே ஒரு கண்டிஷன்” என்றார் சவுரிராயன். “இப்பவே எங்கள திண்டிவனத்துல வூட்டாண்ட வுட்டுடணும். எனக்குக் கை நடுங்குது, நீதான் ஓட்டணும். நாங்க எறங்கினதும் வண்டி உன்னுது.”

“கரும்பு தின்னக் கூலியாண்ணே? டிரையல் பாத்தாப்பலயும் ஆச்சு.”

வழக்கமாக “வாடா ரேஸு, சைக்கிள் டயருக்குக் காத்து அடிச்சியா?” என்று வம்புக்கு இழுக்கும் ஸ்டாண்டு டிரைவர்கள், இன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களில் பச்சைமுத்து முகத்தையே திருப்பிக்கொண்டான். வண்டி கைமாறுவதில் வயிற்றெரிச்சல் போலிருக்கிறது என்று சீனுவாசன் நினைத்துக்கொண்டான்.

பின்சீட்டில் சவுரிராயனின் மனைவி லூர்துமேரி முன்னமே ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் தலை வைத்து, கழுத்துவரை போர்த்திய போர்வைக்குள் மகள் செண்பகம். பத்து வயசு. முகம் அம்மாவின் வயிற்றில் புதைந்திருந்தது.

“பாப்பாவுக்கு ஜொரம் தேவலியா அண்ணி?”

“மூணு நாளா கண்ணு மூடல. இப்பதான் தூங்கறா. எழுப்பிடாத” என்றாள் லூர்துமேரி.

விக்கிரவாண்டி தாண்டியதும் சீனுவாசனுக்குக் காலில் தினவெடுத்தது. முன்னால் போன பஸ்ஸை ஒரே அழுத்தலில் ஒதுக்கினான். ரோட்டில் காயப் போட்டிருந்த கேப்பைக் கதிர் சக்கரத்தில் சரசரத்தது.

“பிப்ரவரில பாருங்கண்ணே, பேப்பர்ல என் போட்டோ வரும். ரேஸுக்கு வெயிட்டுதான் எதிரி. மொதல்ல இந்தப் பின்சீட்டக் கழட்டிக் கடாசணும். வெத்து பாரம்.”

கண்ணாடியில் பார்த்தான். லூர்துமேரி போர்வையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பயமா அண்ணி? வண்டி என் கைக்குள்ள இருக்குது.”

“மெல்லவே போ தம்பி.”

“ஜல்தி போனா பாப்பா வூட்ல காலு நீட்டித் தூங்குமே.”

“வுடு மேரி, ஓட்டட்டும்” என்றார் சவுரிராயன். முன்சீட்டில் அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

கூட்டேரிப்பட்டு முக்கில் வேகத்தைக் குறைத்தான். “ஒரு டீ அடிக்கலாமாண்ணே? பாப்பாவுக்கும் ஒரு கலரு சோடா வாங்கியாறேன்.”

“நிறுத்தாத!” புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவனுக்கும் அது வசதியாகத்தான் போயிற்று. மீதித் தூரத்தை அவன் ஓட்டவில்லை, பறந்தான். அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் சோழவரத்துக் கூட்டம் நின்று கை தட்டியது.

திண்டிவனத்தில் அவர்கள் தெருவுக்குள் திரும்பும்போது வாட்சைப் பார்த்தான். “முப்பத்தெட்டு நிமிஷம்! பஸ்ஸுக்காரன் இந்நேரம் பாதி வழி கூடத் தாண்டியிருக்க மாட்டான்.”

தெருக்கோடியில் அவர்கள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, பத்துப் பேர் நின்றிருந்தார்கள். குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறதென்று எவ்வளவு பேர், பாவம், வேலையை விட்டு வந்திருக்கிறார்கள்! அவனுக்கே மனசு நிறைந்துபோயிற்று. சற்றுத் தள்ளியே வண்டியை நிறுத்தினான்.

“பாப்பாவ எழுப்ப வேணாம் அண்ணி. நானே தூக்கியாந்து படுக்க வெக்கறேன்.”

சவுரிராயன் இறங்கவில்லை.

“நாலாயிரத்துக்கான்னு கேட்டியே தம்பி. பொணம் ஏத்தின வண்டிய அதுக்கு மேல எவன் வாங்குவான்?” அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். “விடியக்காலையிலயே போயிட்டா. என் வண்டியே இருந்தும், ஸ்டாண்டுல ஸ்டீரிங்கப் புடிக்க ஒருத்தன் வரல. அவனுங்கள இன்னா சொல்றது? அதே ஆஸ்பத்திரி கேட்டாண்ட கையக் கூப்பிக்கினு நின்னவங்களை, பொணம்னா ஏத்த மாட்டேன்னு இருபது வருஷமா நானுந்தான தொரத்தினேன்.”

பின்னாலிருந்து லூர்துமேரி அவன் தோளைத் தொட்டாள்.

“எறக்கினா மண்ணுக்குக் குடுத்துடுவாங்க தம்பி. ஏரிக்கரை வரைக்கும் இன்னும் ஒரே ஒரு ரவுண்டு... மெல்லமா போறியா?”