அடுத்த வாரம் வாங்கலாமே

“இந்த ஃப்ரிட்ஜ் வேண்டாமே, சத்தம் போடும்.”

“போன மாசம் பார்த்ததுக்குக் கதவு சரியில்லைன்னீங்க.”

போன சனிக்கிழமை விற்பனையாளர் ரகுவோடு பேசியது ஸ்வர்ணாவுக்கு நினைவிருந்தது. இன்று அதே கோரமங்களா கடையில் அவள் விடுவதாக இல்லை.

“காலேஜ்ல 1920கள் அமெரிக்காவைத்தான் நடத்துறேன். அரசாங்கம் வியாபாரிங்களுக்கு வழி விட்டுச்சு, விளம்பரம் ஆசையை மூட்டுச்சு, வீட்டுக்கு வீடு ரேடியோ வந்துச்சு. நீங்க அங்கே இருந்திருந்தா ஒண்ணுகூட வித்திருக்காது. இன்னிக்கு வாங்கியே தீருவேன்.”

“அடுத்த வாரம் புது மாடல் வருது. பார்த்துட்டு வாங்கலாமே.”

பின்னாலிருந்து மேனேஜர் சிரித்தார். “ஏன் ரகு, விக்கிறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?”

அவர் நகரும்வரை ரகு நிமிரவில்லை. இத்தனை மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை மெல்லச் சொன்னான்.

“ஃப்ரிட்ஜ் வாங்கிட்டா அப்புறம் கடைக்கு வரமாட்டீங்களே, மேடம். வாங்கின பிறகும் என்னைப் பார்க்க வருவீங்களா?”