ரெண்டு குடித்தனம்

"தெரியாத பொருள்ல எதுக்குக் கை வைக்கணும்? மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா?"

காலையிலேயே அக்கா ஆரம்பித்துவிட்டாள். மாமா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குத் தையல் கடை. துணியில் பூ வேலை செய்கிற மெஷினுக்கு வேண்டிய டிசைன்களை அவளே வரைந்து, வருஷக்கணக்காக லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்தாள். அத்தனையும் போய்விட்டது.

எல்லாம் தம்பிக்கு உதவப் போய் வந்த வினை. படிப்பை முடித்துவிட்டு அக்கா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தவனை, ஒரு கம்பெனி பயிற்சிக்குக் கூப்பிட்டது. அதற்குக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இயங்குதளம் வேண்டும். அக்காவின் மெஷினுக்கோ லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ்தான் சரிப்படும்.

"பயப்படாதேக்கா. உன் விண்டோஸ் அப்படியே இருக்கும். லினக்ஸ் பக்கத்துல ஒரு ஓரமா இருந்துக்கும். ஒரே வீட்ல ரெண்டு குடித்தனம் மாதிரி."

அக்கா நம்பி லேப்டாப்பைக் கொடுத்தாள். லினக்ஸைப் போடும்போது ஓர் இடத்தில் கம்ப்யூட்டர் கேட்கும்: பழசை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடவா, இல்லை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவா என்று. அழிக்கச் சொல்லி அமுக்கியாகிவிட்டது. ஒரு பூ, ஓர் இலை மிச்சமில்லை.

அக்கா பதறிப்போய்க் கேட்டாள். தம்பி வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நான்தான் சும்மா இருக்காம எதையோ அமுக்கிட்டேன்."

"ஆமாக்கா, நான் போன் பேசப் போன நேரத்துல..." என்று இழுத்தான் தம்பி.

அன்றைக்கு மாமாவைப் பிடித்தது சனி. பழைய டிசைன் கேட்டு யாராவது கடைக்கு வந்துவிட்டால் போதும், வீட்டில் அவருக்கு அர்ச்சனை நடக்கும். அக்கா ஒவ்வொன்றாக மறுபடியும் வரைவாள். மாமா திட்டு வாங்கிக்கொண்டே பக்கத்தில் நின்று நூல் கோத்துக் கொடுப்பார்.

தெரியவில்லை என்றால் தன்னைக் கேட்டிருக்கலாமே என்று தம்பியும் ஒருநாள் அக்கா எதிரிலேயே மாமாவிடம் குறைப்பட்டுக்கொண்டான். மாமா சிரித்து மழுப்பினார். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பயிற்சி முடிந்து, தம்பிக்கு வெளியூரில் வேலையும் கிடைத்தது. கிளம்புகிற அன்று மாமா அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி பிடிக்க முன்னால் போனார்.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டே பெரிய மனுஷன்போல் புத்தி சொன்னான். "மாமாவை இனிமேலாவது திட்டாதேக்கா. பாவம், தெரியாமத்தானே செஞ்சுட்டார்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே எதுக்குடா திட்டப்போறேன்? அதான் நீ கிளம்பிட்டியே."

தம்பி புரியாமல் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ அதை அமுக்கினப்போ அவர் மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தார். நான் பார்த்துட்டுதான் உள்ளே வந்தேன். 'விட்டுடுக்கா, நான்தான் செஞ்சேன்'னு ஒருநாளாவது நீயா வந்து சொல்லுவேன்னுதான், இத்தனை நாளா உன் காதுல விழற மாதிரி அந்த மனுஷனைத் திட்டினேன்."