கிறிஸ்ரியனின் வரம்

2023 நவம்பர் 12, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் தமிழ்ச் சபை ஒன்று வாடகைக்கு எடுத்திருந்த உடற்பயிற்சி மண்டபத்தில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள்.

கிறிஸ்ரியனின் வலது கை சற்குணத்தின் தலையில் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதான சற்குணம் கண்களை மூடி முழங்காலில் நின்றார். ஒலிவாங்கியில் தெறித்த எச்சில் அவருடைய நெற்றியிலும் விழுந்தது.

"ஆண்டவர் எனக்குக் காட்டுறார்," என்றார் கிறிஸ்ரியன். "மகளே, கலியாணத்துக்கு முதல் நீ ஒரு பிள்ளை பெத்தனீ. அதை மறைச்சுப்போட்டு இஞ்சை வந்தனீ."

பின்வரிசையில் இருந்தவர்கள் நன்றாகப் பார்ப்பதற்காக எழுந்து நின்றார்கள். ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார். சற்குணத்தின் கணவர் சூசைரட்ணம் முதல் வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சபையில் ஆறு வாரங்களாக ஆவிக்குரிய வரங்களைக் கண்டறியும் வகுப்பு நடந்தது. அறுபது கேள்விகள் கொண்ட தாளை எல்லோரும் நிரப்பிக் கொடுத்தார்கள். சமையலறையில் வேலைசெய்த ஏழு பெண்களுக்கும் உதவி செய்யும் வரம் என்று முடிவு வந்தது.

கிறிஸ்ரியனுக்கு வந்தது தீர்க்கதரிசன வரம். நாற்பது வயதான அவர் வீட்டிலிருந்தபடியே ஏதோ வேலை செய்கிறார் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியாது. பாஸ்டர் ஜெயரத்தினம் இன்று அவரை எண்ணெய் பூசிச் சபையின் தீர்க்கதரிசியாக நியமிக்க இருந்தார்.

அதில் எவருக்கும் சந்தேகம் இல்லை. ஒருவரின் நித்திரைக் குளிசை, இன்னொருவரின் கர்ப்பப்பைக் கட்டி என்று அவர் மேடையில் சொன்னவை எல்லாம் உண்மையாக இருந்தன. ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஆண்டவர் அவருக்கு எதுவும் காட்டியதில்லை. "அதுகளுக்கு விசுவாசம் காணாது," என்று பாஸ்டர் அதற்குக் காரணம் சொன்னார்.

போன மாதம் நிரோஜாவின் முறை. சற்குணத்தின் தம்பி தயாபரனைக் கட்டி மூன்று வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பிள்ளை வேண்டாமென்று கணவனுக்குத் தெரியாமல் மருந்து எடுக்கிறார் என்பதைக் கிறிஸ்ரியன் ஒலிவாங்கியில் அறிவித்தார். அதுவும் உண்மைதான்.

தயாபரன் அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விட்டார். ஆண்டவரே காட்டிக்கொடுத்த பெண்ணோடு வாழ முடியாது என்றார். சபையில் நிரோஜாவுக்குத் தேத்தண்ணி நீட்டவும் ஆளில்லை. அவருக்காகக் கதைத்தவர் சற்குணம் ஒருவர்தான். கிறிஸ்ரியன் தீர்க்கதரிசியாகிவிட்டால் அவருடைய பேச்சுக்கும் இடமிராது.

பாஸ்டர் ஒலிவாங்கியைச் சற்குணத்தின் வாயருகே கொண்டுவந்தார். "உண்மையெண்டால் ஆமென் சொல்லுங்கோ சகோதரி. சபைக்கு முன்னாலை ஒப்புக்கொண்டால் பாரம் இறங்கும்."

"என்ன பிள்ளை தம்பி?" என்று சற்குணம் கிறிஸ்ரியனைக் கேட்டார். "அதையும் ஆண்டவர் காட்டுறாரே?"

"ஆண் பிள்ளை."

"எந்த வருசம்?"

"தொண்ணூறாம் ஆண்டு. மன்னாரிலை. கன்னியாஸ்திரிமாரிட்டைக் குடுத்திட்டு, திரும்பிப் பாராமல் வந்தனீ."

யாரோ அல்லேலூயா என்றார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரின் காதருகே குனிந்தார். "என்ரை மகளின்ரை சட்டை கட்டையெண்டு எனக்குப் புத்தி சொன்ன மனுசி இவ."

"விடுங்கோ. இனி வாய் திறக்கமாட்டா," என்றார் மற்றவர். வயிறு நிறைந்தவரின் திருப்தி அந்தக் குரலில் இருந்தது. இருவர் கையிலும் வேதாகமம் திறந்தபடி இருந்தது.

சற்குணம் இன்னும் முழங்காலில்தான் நின்றார். "பிள்ளைக்கு நான் ஒரு பேர் வைச்சனான் தம்பி. இந்த மனுசனுக்குக்கூட அந்தப் பேரைச் சொன்னதில்லை. அதைச் சொன்னீரெண்டால் நான் ஆமென் சொல்லுறன்."

கிறிஸ்ரியன் முகத்தை மேலே தூக்கினார். கண் இமைகள் துடித்தன. மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது.

"அமலன்," என்றார். "அமலன் எண்டு பேர் வைச்சனீ."

கைதட்டல் எழுந்தது. சிலர் அழுதார்கள், சிலர் அந்நிய பாஷையில் உரக்கப் பேசத் தொடங்கினார்கள். பாஸ்டர் எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்தார். கடைசி வரிசையில் தனியே இருந்த நிரோஜா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

"ஆமென் சொல்லுங்கோ சகோதரி," என்றார் பாஸ்டர்.

சற்குணம் கதிரை ஒன்றைப் பிடித்து எழுந்தார். பாஸ்டரின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, சுவரோரமாக நின்ற தன் தம்பி தயாபரனை ஒருமுறை பார்த்தார். பிறகு கிறிஸ்ரியனின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அப்பிடியொரு பிள்ளை இல்லை," என்றார். சபை அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"இது நான் போன புதன்கிழமை டொக்டருக்குச் சொன்ன பொய். போனிலை இருந்து மொழிபெயர்த்தது நீர்தானே தம்பி."