தையல்சிட்டும் கண்கூசும் வெயிலும்

தையல்சிட்டு ஒருத்தி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அலகுநுனியிலேயே கண்ணை நிறுத்தி, கூட்டுக்கு இலை தைத்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, நடுநடுவே அந்த மலையையும் பாருங்க. கண்ணு கொஞ்சம் இளகட்டும்" என்று பக்கத்துக் கிளை அணில் சொல்லும்.

"மலையிலயா எனக்குத் தையல் கிடக்கு?" என்பாள் சிட்டு.

ஒருநாள் எதிர்மரத்தில் ஏதோ மங்கலாக அசைந்தது. "முட்டை திருடவா வந்தே, ஓணான் பயலே? ஓடிப் போ" என்று மரமே அதிரக் கத்தினாள்.

"அம்மா, நான்தான்."

கட்டிக்கொடுத்த மகள் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தாள். அம்மாவுக்கென்று கவ்வி வந்த புழு, பேச வாய் திறந்ததில் கீழே விழுந்துவிட்டது.

சிட்டு கூனிக்குறுகிப் போனாள். "வெயில்டி, கண்ணைக் கூசிடுச்சு" என்றாள்.

அணில் மேகம் மூடிய வானத்தைப் பார்த்தது. சிட்டு குனிந்து, தைத்து முடித்த இலையையே மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.