முதுகில் இறங்கிய அம்புகள்

"நல்லா இருக்கும்மா. எங்கே, திரும்பு. பின்பக்கம் பார்க்கணும்" என்றார் குரோகி வீட்டம்மா.

கல்யாணப் பெண் ரிட்சு திரும்பவில்லை. அம்மா மசுயோவைப் பார்த்தாள்.



குரோகி வீட்டம்மா மாப்பிள்ளையின் தாய். கல்யாண உடுப்புக்கு நீலத்தில் வெள்ளை அம்பிறகு, அதாவது அம்பின் வால் இறகு போன்ற கோலம், போட்ட துணிதான் வேண்டும் என்று கேட்டவர் அவர். வில்லை விட்ட அம்பு திரும்பாது, புகுந்த வீடு போன பெண்ணும் திரும்பக்கூடாது. குருமே ஊரில் அம்பிறகுக்கு அதுதான் அர்த்தம்.

"எல்லா அம்பும் மேலேதான் பார்க்கணும், சம்மந்தியம்மா. முன்னாலயும் பின்னாலயும்" என்று வேறு கறாராகச் சொல்லியிருந்தார்.

மசுயோ நூலை அங்கங்கே கட்டி, அவுரி நீலச் சாயத்தில் தோய்த்துத் தானே நெய்தாள். வீட்டம்மா துணியை விரித்துப் பார்த்தார், ஒரு குறை சொல்லவில்லை. தையலும் என் கையாலேயே ஆகட்டும் என்று மசுயோ கேட்டதற்குச் சந்தோஷமாகவே தலையாட்டினார்.

வம்பு தையலில்தான் இருந்தது.

துணி ஒரே நீளம். முன்பக்கம் ஏறி, தோளைத் தாண்டி, முதுகில் இறங்கும். முன்னால் மேலே போகிற அம்பு முதுகில் தலைகீழாகத்தான் வரும். அது ஆகாதென்றால் தோளில் வெட்டி, பின்துண்டைத் திருப்பி வைத்து ஒட்டுப் போட வேண்டும். வீட்டம்மா அப்படித்தான் தைக்கச் சொன்னார்.

மசுயோ கத்திரிக்கோலைக் கையில் எடுத்தாள். அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா ஒரு மழைநாளில் புகுந்த வீட்டிலிருந்து அழுதுகொண்டே வந்து வாசலில் நின்றாள். விட்ட அம்பு விட்டதுதான் என்று அப்பா கதவைத் திறக்கவில்லை. அவள் திரும்பி நடந்து போன சத்தத்தை மசுயோ உள்ளேயிருந்து கேட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு எரியும்.

கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். தோளில் வெட்டாமலே தைத்து முடித்தாள்.

இன்று காலையில் உடுத்திப் பார்த்தபோதுதான் ரிட்சுவுக்கு விஷயம் தெரிந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அம்மா, உனக்கு இவ்ளோ நெஞ்சழுத்தமா? அந்தம்மா பார்த்தா கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க!"

சிரித்தாளே தவிர, அவளுக்கும் உள்ளே பயம்தான். குரோகி வீட்டுப் பையன் மேல் அவளுக்கு உயிர்.

"திரும்பும்மா" என்றார் வீட்டம்மா மறுபடியும்.

ரிட்சு திரும்பினாள். முதுகு நிறைய வெள்ளை அம்புகள், அத்தனையும் வந்த வழியே திரும்புவது போலக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன.

வீட்டம்மா கிட்டே வந்தார். பெண்ணின் தோளில் விரலை ஓட்டித் தையலைத் தேடினார். இந்தத் தோளில் இல்லை. அந்தத் தோளிலும் இல்லை. வெறும் மடிப்புதான்.

மசுயோ தரையில் கைகளை ஊன்றித் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. வரவழைக்கவும் அவளுக்கு மனமில்லை.

பிறகு நிமிர்ந்து பார்த்தாள். வீட்டம்மாவின் கை ரிட்சுவின் தோளிலேயே இருந்தது. அந்தக் கறார் முகம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"எங்கம்மாவும் நெசவுக்காரிதான், சம்மந்தியம்மா" என்றார். "எனக்கு இப்படித் திரும்பி வர ஒரு வழி வைக்க அவளுக்குத் தோணாமப் போச்சே."