பி.ஏ. முருகானந்தம்

"எங்கப்பா பி.ஏ. இல்லீங்க" என்று யமுனா சொன்னதும் விஏஓ குழந்தைவேலு சிரித்துவிட்டார்.

"பெத்த அப்பனைப் பத்தி இப்படிச் சொல்லலாமாம்மா? இந்த மலை ஊருங்களுக்கே தெரியும், அவர் பி.ஏ. முருகானந்தம்."

"நிஜமாத்தானுங்க. நாலு பேப்பர் போச்சுங்க."

சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இன்னும் ஐந்தே நாள். சாதி, வருமானம், இருப்பிடம் என்று எல்லாச் சான்றும் வாங்கிவிட்டாள். முதல் பட்டதாரி சான்று ஒன்றுதான் பாக்கி. வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் ஃபீஸில் சலுகை உண்டு.

அவளுக்கே விஷயம் முந்தாநாள்தான் தெரியும். இ-சேவை மையத்து ஜாஸ்மின் அக்கா, "அப்பா படிப்பு?" என்று கேட்டாள்.

"பி.ஏ." யமுனா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

"எந்த வருசம் பாஸ்?"

அப்பாவுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ணு... ஒரு பேப்பர் நிக்குது."

"ஒண்ணுதானுங்களா?"

"நாலு."

குழந்தைவேலு இப்போது சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"தண்ணி டேங்க் கல்வெட்டுல பி.ஏ. திருவிழா நோட்டீஸ்ல பி.ஏ. ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கிற மனுவுல பி.ஏ. நாளைக்கு எவனாச்சும் புகார் போட்டா ஆப்பு எனக்கு. பட்டம் இல்லைங்கறதுக்கு ஆதாரம் கொண்டா."

"இல்லாததுக்கு எங்கீங்க போயி ஆதாரம் வாங்கறது?"

"வக்கீலாகப் போறது நீயா, நானா? ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரு நேர்ல வந்து எழுதிக் குடுக்கட்டும். மேல அனுப்பறேன்."

வீட்டில் முருகானந்தம் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா தேவனூர் நாட்டுல இருக்கற அத்தனை ஊருக்கும் தெரிஞ்ச மாதிரி. அப்பறம் மனு எழுத எவன் வருவான்? டீக்கடை பெஞ்சுல எவன் நகந்து எடம் விடுவான்?"

"எனக்கு ஒரு சீட்டா, உங்களுக்கு அந்த ரெண்டெழுத்தா? ஒண்ணு சொல்லுங்கப்பா."

மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்த அம்மா கண்ணாயி தலையைத் தூக்காமல் சொன்னாள். "சீட்டு எதுக்கு? இவ இப்பவே வக்கீலுதான்."

மறுநாள் காலை முருகானந்தம் டீக்கடைக்குப் போனார். பின்னாலேயே யமுனா. பெஞ்சில் அப்பாசாமியும் சின்னராசுவும் இருந்தார்கள். வழக்கம்போல நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை.

"மாமா, ஒரு விசயம். நான் பி.ஏ. பாஸ் பண்ணலீங்க."

அப்பாசாமியின் வாய்க்குப் போன போண்டா பாதி வழியில் நின்றது. "என்ன மாப்ள சொல்ற!"

சின்னராசு தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி! இத்தனை வருசமா எங்களையெல்லாம் ஏமாத்திப்புட்டியே!"

கடையே திரும்பிப் பார்த்தது. அப்பாவின் தலை சட்டைக் காலருக்குள் இறங்கியது. இப்படி நடுக்கடையில் அவரை நிறுத்தியது தான்தான் என்று யமுனாவுக்கு உறைத்தது. அவள் சான்று விஷயத்தைச் சொன்னதும், எழுதிக் கொடுக்க வருகிறோம் என்று அந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். ஆனால் ஆபீஸ் வரைக்கும் திட்டிக்கொண்டேதான் நடந்தார்கள்.

முருகானந்தத்துக்கு உள்ளே வரக் கால் வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"அவர் பட்டதாரி இல்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" குழந்தைவேலு பேனாவைத் திறந்தார்.

"இன்னிக்குக் காத்தாலதானுங்க. அவனே சொன்னான்" என்றார் சின்னராசு.

பேனா மூடியது. "அவர் சொன்னதை நீங்க திருப்பிச் சொன்னா அது சாட்சியா? அதுக்கு அவரே எழுதிக் குடுத்துரலாமே. நேரடியாத் தெரிஞ்ச ஆளு இருந்தா கூட்டிட்டு வாம்மா. இல்லேன்னா விடு."

யமுனாவின் கண் கலங்கியது. அப்பாவின் மானமும் போச்சு, சான்றும் போச்சு.

அப்பாசாமி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவாப் பேசுங்க சாமி. அவன் வெளிய நிக்கிறான். தபால்ல படிச்ச படிப்புங்க அது. மார்க் சீட்டைக் கொண்டாந்து குடுத்ததே நாந்தான், அப்ப எனக்குத் தபால்காரன் வேலை. மழையில கவரு பிரிஞ்சு போச்சு. பிரிஞ்சு கெடக்கறதைப் படிக்காம இருக்க நான் என்ன சாமியாருங்களா? நாலு பேப்பர் போயிருந்துச்சுங்க. இந்தச் சின்னராசுக்கும் காட்டுனேன்."

"நான் யாருகிட்டயும் சொல்லலீங்க" என்றார் சின்னராசு. "ஊட்டுல மட்டுந்தான். அப்பறம் பங்காளிங்ககிட்ட."

"அப்ப ஊருக்கே தெரியுமா?" என்றார் குழந்தைவேலு.

"இருவத்திரெண்டு வருசமாத் தெரியுமுங்க."

யமுனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பறம் எதுக்கு மாமா, கடையில அந்தக் கத்து கத்துனீங்க?"

"கத்தலேன்னா, எங்களுக்கு முன்னாடியே தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சிருமே கண்ணு" என்றார் சின்னராசு.

குழந்தைவேலு கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சுக்கிட்டே ஏன்யா பி.ஏ., பி.ஏ.ன்னு கூப்பிட்டீங்க?"

அப்பாசாமி சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மார்க் சீட்டை வாங்கிட்டுப் போனவன் ரெண்டு நாளாச் சோறு தண்ணியில்லாமப் பாறை மேல குந்திக்கிட்டானுங்க. ஆரு கூப்புட்டும் எறங்கல. நாந்தான் கீழ நின்னு, 'ஏனுங்க பி.ஏ., எனக்கொரு மனு எழுதித் தாரீங்களா'ன்னு கேட்டேன். எறங்கி வந்துட்டானுங்க."