ருசி சொல்ல ஒரு ஆள்

சாடியின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை ஜெபஷீலா அவிழ்த்தாள். புளிப்பும் இனிப்புமாய் ஒரு வாடை அடுப்படி முழுக்க எழுந்திருக்க வேண்டும்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

2006ஆம் வருஷம். சிக்குன்குனியா போடியில் வீடு தவறாமல் வந்து போயிருந்தது. காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகியும் அவளுக்கு விரல் முட்டிகளில் வலி நிற்கவில்லை. மூக்கும் நாக்கும் செத்துக் கிடந்தன. சோறும் ஒன்றுதான், சுண்ணாம்பும் ஒன்றுதான்.

அப்படியும் ஒயின் போட்டாள். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சபையில் முப்பது வீட்டுக்குக் கேக்கோடு ஒரு பாட்டில் போகும். பதினைந்து வருஷத்துப் பழக்கம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதைவிட ஒயின் போடுவது லேசு.

இந்தக் கைப்பக்குவம் அவள் புருஷன் ஏசுதாசனுடையது. ஏலக்காய் மண்டியில் காய் தரம் பிரிக்கிறவன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு காயை நசுக்கி முகர்ந்தால் போதும், எந்த மலைக் காய் என்று சொல்லிவிடுவான்.

பிளாஸ்டிக் டிரம்மில் போட்டால் அதன் வாடை ஏறும், எவர்சில்வரில் போட்டால் புளிப்பு பாத்திரத்தைக் கடிக்கும், பீங்கான் சாடிதான் சரி என்பான். சுருளிப்பட்டித் தோட்டத்துப் பன்னீர் திராட்சை. அதில் பாதி எடைக்குச் சீனி. ஒரு பிடி கோதுமை, வாசத்துக்கு ஒரு சிட்டிகை பட்டைத் தூள், பேக்கரியிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட். தினம் ஒரு தடவை மர அகப்பையால் கிண்டிவிட வேண்டும். எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்ததுதான். கடைசியில் ருசி பார்த்து, இன்னும் எவ்வளவு சீனி, நிறத்துக்கு எவ்வளவு கருக்கிய பாகு என்று சொல்வதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

அவனைக் கெடுத்தது ஒயின் அல்ல. கடைச் சரக்கு.

முதல் தடவை அவன் குடியை நிறுத்தியபோது ஜெபஷீலா சபையில் எழுந்து சாட்சி சொன்னாள், அழுதாள். மூன்றாம் வாரம் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவனை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாம் தடவை உபவாசம் இருந்தாள்.

மூன்றாம் தடவை யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் தடவை அவன் சத்தியம் பண்ணும்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்து உலையில் போட்டாள்.

இது ஐந்தாவது. ஆகஸ்டில் விட்டான், டிசம்பர் வந்துவிட்டது. இத்தனை நாள் எப்போதும் தாங்கியதில்லை. அவளுக்குள் எதுவும் அசையவில்லை. சாடியை வைத்த நாளிலிருந்து அவன் அடுப்படிக்குள் வருவதை விட்டிருந்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் நிலைக்கு வெளியே நின்றுதான் கேட்டான். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எதிர்வீட்டு ஞானசெல்வி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் வந்து ருசி சொல்லியிருப்பாள்.

ஜெபஷீலா கூப்பிடவில்லை. ஒரு டம்ளர் நிறைய மொண்டு, முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஏசுதாசனிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணுமே வெளங்கலங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க."

கோபத்தில் செய்யவில்லை. அவனைச் சோதிக்கவும் இல்லை. விழுகிறவன் என்றைக்காவது விழத்தான் போகிறான். இன்றைக்கே விழுந்துவிட்டால் காத்துக்கிடப்பது மிச்சம். அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

ஏசுதாசன் டம்ளரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன கண்டானோ, பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"வெளிச்சத்துல நெறத்தப் பாத்துட்டு வாரேன்."

கொல்லைக் கதவு திறந்து சாத்திக்கொண்டது.

அவள் பின்னால் போகவில்லை. மேலே ஃபேன் காற்றில் மடித்த பேப்பரின் ஓரம் படபடத்தது. அதன்மேல் அவனுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து வைத்தாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது.

துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டே வந்தான். டம்ளர் காலி. கழுவியும் இருந்தான்.

முடிந்தது என்று நினைத்தாள். அப்போதும் அழுகை வரவில்லை.

"புளிப்பு சரியா நிக்குது. இனிப்பும் போதும், ஒண்ணும் சேக்க வேணாம்" என்றான் ஏசுதாசன். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றான். "பட்டைதான் ஒரு சிட்டிகை தூக்கலா இருக்கு."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

போன கிறிஸ்துமஸ் ஒயினில் பட்டை தொண்டையைக் காந்துவதாகப் பாஸ்டர் வீட்டம்மா குறைப்பட்டிருந்தார். அதனால் இந்த வருஷம் ஜெபஷீலா பட்டையே போடவில்லை.

ஒரு வாய் குடித்திருந்தால் அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான். குடிப்பது இருக்கட்டும், மூக்குப் பக்கம் கொண்டுபோயிருந்தால்கூட.

ஏசுதாசன் போகாமல் நின்றிருந்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்ப்பவன் போல.

"சரிங்க" என்றாள் அவள். "அடுத்த வருசம் கொறச்சிருவோம்."